இயக்கக் கோளாறு மருத்துவம்: மாவட்டத்தை எட்டச் செய்வது எப்படி?

ஒரு நாட்டின் சுகாதார முன்னேற்றம் அந்நாட்டின் நோய்ப் பட்டியலையும் மாற்றிவிடுகிறது. இந்தியா விடுதலை பெற்றபோது மக்களின் சராசரி ஆயுட்காலம் சுமார் 32 ஆண்டுகளாக இருந்தது. பெரியம்மை, காலரா, மலேரியா, காசநோய் ஆகியவை அன்றைய சுகாதாரத் திட்டங்களின் கவனம் முழுவதையும் ஈர்த்திருந்தன. இன்று சராசரி ஆயுட்காலம் 70 ஆண்டுகளை எட்டியுள்ளது. 2011-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 60 வயதை எட்டியோரும் கடந்தோரும் 10.38 கோடிப் பேர். 2036-ஆம் ஆண்டில் இத்தொகை சுமார் 22.7 கோடியாக உயரும் என அரசு அமைத்த தொழில்நுட்பக் குழு மதிப்பிட்டுள்ளது.

முதியோர் தொகை பெருகும்போது முதுமையோடு வரும் நோய்களும் பெருகுகின்றன. அவற்றுள் நீரிழிவு, இரத்த அழுத்தம், இருதய நோய், புற்றுநோய் ஆகியவை தேசியத் திட்டங்களில் இடம்பெற்றுவிட்டன. மூளை நரம்புகளின் சீர்கேட்டால் உடலின் அசைவுகள் பாதிக்கப்படும் நோய்கள், அதாவது இயக்கக் கோளாறுகள், அத்தகைய கவனத்தை இன்னும் பெறவில்லை. இவற்றுக்கு மருத்துவம் செய்யும் திறன் நாட்டில் இருக்கிறது. உயர்ந்த தரமுள்ள நிலையங்கள் சில இயங்கி வருகின்றன. முக்கியமான மருந்துகள் உள்நாட்டிலேயே தயாராகின்றன. இருந்தும் நோயாளிகளுள் பலர் உரிய மருத்துவம் பெறாமல் இருப்பதற்குக் காரணம் யாது, அதற்குப் பரிகாரம் என்ன என்பதை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

நோய்களின் தன்மை

கையை நீட்டி ஒரு குவளை நீரை எடுப்பது எளிய செயலாகத் தோன்றுகிறது. எந்தத் தசை சுருங்க வேண்டும், எது தளர வேண்டும், அசைவு எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பவற்றை மூளையின் உட்பகுதியிலுள்ள நரம்பணுத் திரள்களும் சிறுமூளையும் கணப்பொழுதில் ஒழுங்கு செய்கின்றன. இந்த ஒழுங்கு குலைவதால் உண்டாகும் நோய்களே இயக்கக் கோளாறுகள் எனப்படுகின்றன. பக்கவாதத்தில் தசைகள் வலுவிழக்கின்றன. இயக்கக் கோளாறுகளில் பெரும்பாலும் வலு இருந்தும் அசைவு மந்தமாகிறது. அல்லது வேண்டாத அசைவுகள் தாமாகவே தோன்றுகின்றன.

அசைவு மந்தமாகும் வகையில் தலையாயது நடுக்குவாதம். 1817-ஆம் ஆண்டில் இலண்டன் டாக்டர் ஜேம்ஸ் பார்க்கின்சன் இதனை விவரித்து ஒரு நூல் வெளியிட்டார். அவர் பெயராலேயே இது பார்க்கின்சன் நோய் என வழங்குகிறது. நடுமூளையில் கருமை நிறங்கொண்ட ஒரு சிறு பகுதியின் அணுக்கள் படிப்படியாக அழிவதால் டோப்பமின் என்னும் இரசாயனப் பொருள் குறைந்துபோகிறது. வெளி அறிகுறிகள் தோன்றும் காலத்திற்குள் அவ்வணுக்களில் பெரும் பகுதி அழிந்துவிடுகிறது. ஓய்வில் இருக்கும் கை நடுங்குதல், உடல் விறைத்தல், செயல்கள் மந்தமாதல், நிலை தடுமாறுதல் ஆகிய நான்கும் இந்நோயின் முக்கிய அடையாளங்கள். இவற்றோடு மலச்சிக்கல், உறக்கக் குறைவு, மனச்சோர்வு, மணம் அறியும் ஆற்றல் குறைதல் ஆகியவையும் சேர்ந்து வருவதுண்டு.

வேண்டாத அசைவுகள் தோன்றும் வகையில் பல நோய்கள் அடங்கும். கழுத்தோ கையோ கண்ணிமையோ தானாக முறுக்கிக்கொள்ளும் டிஸ்டோனியா, கைகால்கள் ஓயாமல் துள்ளி அசையும் கொரியா, குடும்பங்களில் தொடர்ந்து வரும் கைநடுக்கம் ஆகியவை இவற்றுள் சில.

நிருவாகிகள் குறிப்பாகக் கவனிக்க வேண்டிய மூன்றாவது தொகுதி ஒன்றும் உண்டு. நடுக்குவாதத்தைப் போலவோ டிஸ்டோனியாவைப் போலவோ தோன்றினும், காலத்தில் கண்டறிந்தால் பெரிதும் குணமாகக்கூடியவை இத்தொகுதியில் அடங்கும். இவற்றுள் முதலாவது, மருந்துகளால் விளையும் நடுக்குவாதம். வாந்திக்கும் வயிற்று உப்புசத்திற்கும் தரப்படும் மெட்டோகுளோப்ரமைடு, லெவோசல்பிரைடு, தலைச்சுற்றலுக்குத் தரப்படும் சின்னரிசின், மனநோய்க்கான சில மருந்துகள் ஆகியவற்றை நெடுநாள் உட்கொள்வோரிடம் இது காணப்படுகிறது. டாக்டரின் கண்காணிப்பில் அம்மருந்தை நிறுத்தினால் அல்லது மாற்றினால் பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ நோய் தணிகிறது. இதற்குத் தனிச் செலவு எதுவும் இல்லை. நோயாளி உட்கொள்ளும் மாத்திரைகளின் பெயர்களைக் கேட்டறியும் பொறுமை போதும்.

இரண்டாவது, வில்சன் நோய். உடலில் செம்புச் சத்து வெளியேறாமல் ஈரலிலும் மூளையிலும் தேங்குவதால் சிறுவர்களையும் இளைஞர்களையும் தாக்கும் பரம்பரை நோய் இது. மருத்துவம் செய்யாவிடில் உயிருக்கே ஆபத்தாகும். 1956-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் டாக்டர் ஜான் வால்ஷ் அறிமுகப்படுத்திய பெனிசிலமின் மருந்தும், பின்னர் வழக்கத்திற்கு வந்த துத்தநாக உப்புகளும் இந்நோயைக் கட்டுப்படுத்துகின்றன. பெங்களூரிலுள்ள தேசிய மனநல, நரம்பியல் மருத்துவ நிறுவனம் முப்பது ஆண்டுகளில் தான் கண்ட 282 வில்சன் நோயாளிகளைப் பற்றிய விவரங்களை 2007-ஆம் ஆண்டில் வெளியிட்டது. ஒரு குழந்தைக்கு இந்நோய் இருப்பின், உடன்பிறந்தோர் ஒவ்வொருவருக்கும் அது இருக்க நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. ஆகவே ஒரு நோயாளியைச் சரியாக இனங்கண்டால், அறிகுறி தோன்றாத தம்பியையோ தங்கையையோ முன்கூட்டியே காப்பாற்ற முடிகிறது.

எத்தனை பேர்?

நாடு முழுவதையும் தழுவிய ஆய்வு எளிதன்று. எனினும் வீடு வீடாகச் சென்று நடத்திய சில ஆய்வுகள் பயனுள்ள படிப்பினைகளைத் தருகின்றன. பம்பாய் நகரின் பார்சிக் குடியிருப்புகளில் 14,010 பேரிடையே நடந்த ஆய்வின் முடிவு 1988-இல் வெளியாயிற்று. அதில் 46 நடுக்குவாத நோயாளிகள் காணப்பட்டனர். அதாவது லட்சம் பேருக்கு சுமார் 328 பேர். காஷ்மீரின் குதர் பள்ளத்தாக்கில் 63,645 பேரிடையே நடந்த ஆய்வில் லட்சத்திற்கு 14 பேரே காணப்பட்டனர். பெங்களூர் நகரிலும் சுற்றியுள்ள கிராமங்களிலும் 1,02,557 பேரை ஆராய்ந்து 2004-இல் வெளியிட்ட முடிவுகளில் இத்தொகை லட்சத்திற்கு 33 எனக் கண்டது.

இவ்வேறுபாட்டிற்கு முக்கியக் காரணம் வயது அமைப்பு. பார்சிச் சமூகத்தில் முதியோர் விகிதம் மிக அதிகம்; காஷ்மீரக் கிராமங்களில் அது குறைவு. நாட்டின் பிற பகுதிகளிலும் முதியோர் விகிதம் உயர்ந்துவருவதால் நோயாளிகளின் எண்ணிக்கையும் உயரும் என்பதே இவ்வாய்வுகள் தரும் படிப்பினை. பெங்களூர் ஆய்வு வேறொன்றையும் காட்டிற்று. நரம்பு நோய்கள் அனைத்தையும் சேர்த்துப் பார்த்தால் நகரில் லட்சம் பேருக்கு 2,190 பேரும், கிராமங்களில் 4,070 பேரும் பாதிக்கப்பட்டிருந்தனர். நோய் கிராமத்தில் அதிகமாக இருக்க, நரம்பியல் நிபுணர்கள் பெரும்பாலும் பெருநகரங்களில் இருக்கின்றனர்.

உலகளாவிய நோய்ச்சுமை ஆய்வு, 2016-ஆம் ஆண்டில் இந்தியாவில் சுமார் 5.8 லட்சம் நடுக்குவாத நோயாளிகள் இருந்ததாக மதிப்பிட்டது. உலக அளவில் 1990-இல் 25 லட்சமாக இருந்த தொகை 2016-இல் 61 லட்சமாக உயர்ந்தது என்பதும் அதே ஆய்வின் முடிவு.

நிபுணரின் பணி

இத்துறையில் நிபுணர் ஆவதற்கு நெடிய பயிற்சி தேவை. பொது மருத்துவத்தில் மேற்பட்டம் பெற்றபின் மூன்றாண்டு நரம்பியல் உயர்பட்டப் படிப்பும், அதன்பின் இயக்கக் கோளாறுகளில் தனிப் பயிற்சியும் பெற வேண்டும். இவ்வளவு பயிற்சி எதற்கு என்ற வினா எழலாம்.

முதலாவது காரணம், நோயை நிர்ணயிக்கும் முறை. சாதாரண நடுக்குவாதத்தை ஐயமறக் காட்டும் இரத்தப் பரிசோதனை வழக்கமான மருத்துவத்தில் இல்லை. மூளைப் படம் வேறு நோய்களை விலக்க உதவுமேயன்றி, இந்நோயை உறுதி செய்வது அரிது. நோயாளி நாற்காலியிலிருந்து எழுவது, நடப்பது, திரும்புவது, எழுதுவது, விரல்களைத் தட்டுவது ஆகியவற்றை உற்றுநோக்கியே டாக்டர் முடிவு செய்கிறார். எனவே இத்துறையில் இயந்திரங்களை வாங்கிக் குவிப்பதால் பற்றாக்குறை தீராது. பயிற்சி பெற்ற கண்களே தேவை.

இரண்டாவது காரணம், மருந்தின் அளவைத் தொடர்ந்து சீர்செய்தல். நோயின் தொடக்க ஆண்டுகளில் மருந்து நன்கு வேலை செய்கிறது. சில ஆண்டுகளுக்குப் பின் ஒரு வேளை மருந்தின் பலன் அடுத்த வேளைக்குள் தீர்ந்துவிடுகிறது. அளவு மிகுந்தாலோ உடல் நெளிந்து அசையத் தொடங்குகிறது. இவ்விரண்டு நிலைகளுக்கும் இடையே வழி கண்டு, வேளைகளைப் பிரித்து, உணவுக்கும் மருந்துக்கும் இடைவெளி வகுத்துத் தருவது நிபுணரின் திறமை. டிஸ்டோனியாவுக்கு உரிய தசையைத் தேர்ந்து போட்டுலினம் ஊசி போடுவதும் தனிப்பயிற்சி வேண்டும் செயலாகும்.

மூன்றாவது, அறுவை மருத்துவம். மூளையின் குறிப்பிட்ட இடத்தில் நுண்ணிய மின்கம்பிகளைப் பொருத்தி, தோள் எலும்பின் கீழ் வைக்கப்படும் மின்கலத்தால் தூண்டும் முறை, பிரான்சு நாட்டின் கிரெனோபில் நகரில் 1987-இல் பேராசிரியர் பெனாபிட் குழுவினரால் வளர்க்கப்பட்டது. இந்தியாவிலும் பல நிலையங்களில் இது நடைபெறுகிறது. மருந்து பயன் தந்தும் அதன் பலன் ஏறியிறங்கித் துன்புறும் நோயாளிகளுக்கு இது பெரும் விடுதலை அளிக்கிறது. ஆயினும் செலவு பல லட்சம் ரூபாய். மின்கலத்தைச் சில ஆண்டுகளில் மாற்ற நேரிடும். மின்தூண்டலின் அளவைச் சீர்செய்ய மீண்டும் மீண்டும் நிலையத்திற்கு வர வேண்டும். நோயாளிகளுள் ஒரு சிறு பகுதியினருக்கே இம்முறை பொருந்தும். ஏனையோரின் நலம் மாத்திரையையும் உடற்பயிற்சியையும் தொடர் கண்காணிப்பையுமே சார்ந்திருக்கிறது.

மருந்தும் அதன் விலையும்

பழைய ஆயுர்வேத நூல்கள் கம்பவாதம் என்று குறிப்பிடும் நோய் நடுக்குவாதத்தை ஒத்திருக்கிறது. பூனைக்காலி விதை நெடுங்காலமாக நாட்டு மருத்துவத்தில் பயன்பட்டு வந்தது. அவ்விதையிலிருந்து லெவோடோபா என்னும் பொருளைச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தில் தாமோதரனும் இராமசாமியும் பிரித்தெடுத்து 1937-இல் வெளியிட்டனர். மூளையில் டோப்பமினாக மாறும் இப்பொருளே பின்னாளில் இந்நோய்க்குத் தலையாய மருந்தாயிற்று. டோப்பமினின் பணியைக் கண்டறிந்த ஸ்வீடன் நாட்டு அறிஞர் அர்விட் கார்ல்சனுக்கு 2000-ஆம் ஆண்டின் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. 1967-இல் அமெரிக்காவில் ஜார்ஜ் கோட்சியாஸ் லெவோடோபாவை வாய்வழியே படிப்படியாக உயர்த்திக் கொடுத்து நல்ல பலன் கண்டார். கார்பிடோபாவைச் சேர்த்துக் கொடுப்பது 1970-களில் வழக்கமாயிற்று. இதனால் குறைந்த அளவே போதுமானதாயிற்று, குமட்டலும் குறைந்தது.

லெவோடோபா-கார்பிடோபா கூட்டு மருந்து உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும், இந்தியாவின் 2022-ஆம் ஆண்டு தேசியப் பட்டியலிலும் இடம்பெற்றுள்ளது. 2013-ஆம் ஆண்டின் மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி தேசியப் பட்டியலிலுள்ள மருந்துகளுக்கு உச்ச விலை நிர்ணயிக்கப்படுகிறது. ஆகவே ஒரு மாத்திரையின் விலையைவிட அது நாள்தோறும் தவறாமல் கிடைப்பதே பெரிய பிரச்சினை. நாளொன்றுக்கு நான்கு மாத்திரை உட்கொள்பவருக்கு ஆண்டுக்கு 1,460 மாத்திரைகளும், பதினைந்து ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 22,000 மாத்திரைகளும் வேண்டும். இடையே திடீரென மருந்து நின்றுபோனால் உடல் கடுமையாக விறைத்து, காய்ச்சல் கண்டு, உயிருக்கு ஆபத்தான நிலையும் நேரலாம். அரசு மருந்தகத்தில் ஒரு மாதம் இருப்பு இல்லை என்பது காய்ச்சல் மாத்திரைக்கு ஒரு பொருள். இம்மருந்துக்கு முற்றிலும் வேறு பொருள்.

நிலையங்களின் வளர்ச்சி

சுதந்திர இந்தியாவில் நரம்பு மருத்துவத்தின் வளர்ச்சி விரைவாகவே நிகழ்ந்தது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949-இல் நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கினார். 1951-இல் இந்திய நரம்பியல் சங்கம் சென்னையில் உருவாயிற்று. 1960-களில் சென்னையில் டாக்டர் பி. இராமமூர்த்தி குழுவினர், மூளையின் ஆழத்திலுள்ள இடத்தைக் கணக்கிட்டு அணுகும் அறுவை முறையை இயக்கக் கோளாறுகளுக்குக் கையாண்டனர். பெங்களூரில் மனநோய் மருத்துவமனையும் அகில இந்திய மனநல நிறுவனமும் 1974-இல் இணைக்கப்பட்டு இன்றைய தேசிய நிறுவனம் பிறந்தது. திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் 1980-ஆம் ஆண்டில் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்றது. இயக்கக் கோளாறுகளுக்கெனத் தனியான முழுமைப் பராமரிப்பு மையம் அங்கு இயங்குகிறது. தில்லியின் அகில இந்திய மருத்துவ நிறுவனத்திலும் இத்துறை சிறப்பாக வளர்ந்துள்ளது. மும்பையில் 2001-இல் தொடங்கிய நடுக்குவாத, இயக்கக் கோளாறுச் சங்கம் நோயாளிகளையும் குடும்பத்தாரையும் குழுக்களாகத் திரட்டிப் பயிற்சியும் ஆலோசனையும் அளித்து வருகிறது.

இந்நிலையங்களின் வெளிநோயாளர் பிரிவுகளில் பல மாநிலத்தவரும் காத்திருக்கும் காட்சியே அவற்றின் புகழுக்குச் சான்று. ஆனால் அதே காட்சி, அவர்களது சொந்த மாவட்டங்களில் இப்பணி நடைபெறவில்லை என்பதற்கும் சான்றாகும்.

செலவின் இயல்பு

தலைநகரிலிருந்து 300 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சிற்றூரில் வாழும் ஐம்பத்தைந்து வயது கைத்தறி நெசவாளி ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். முதலில் அவருடைய வலக்கை தறியில் மந்தமாகிறது. வாரத்தில் இரண்டு சேலை நெய்தவர் ஒன்றே நெய்கிறார். தோளில் வலி என்பதால் வாதநோய் என்று கருதித் தைலமும் ஊசியும் பெறுகிறார். நோயின் பெயரை எவரும் சொல்வதற்கு முன்பே குடும்ப வருவாயில் பாதி குறைந்துவிடுகிறது. பின்னர் யாரோ சொல்லக் கேட்டு மகனோடு தலைநகரம் செல்கிறார். அங்கு நோய் நிர்ணயமாகி மாத்திரை தரப்படுகிறது. கை மீண்டும் ஓடுகிறது. மூன்று மாதத்திற்கு ஒரு முறை வருமாறு டாக்டர் கூறுகிறார். ஒவ்வொரு பயணத்திற்கும் இருவருக்குப் பயணச் செலவு, இரு நாள் கூலி இழப்பு, தங்கும் செலவு. ஓராண்டில் பயணம் நின்றுவிடுகிறது. பழைய சீட்டைக் காட்டி அதே அளவில் மாத்திரை வாங்குகிறார். நோய் முன்னேற, அந்த அளவு போதாமல் போகிறது. மருந்து பலிக்கவில்லை என்று எண்ணி ஒரு நாள் அதனையும் விட்டுவிடுகிறார்.

இவ்வெடுத்துக்காட்டில் மருத்துவமனைப் படுக்கை எங்கும் வரவில்லை என்பது கவனிக்கத்தக்கது. செலவு முழுவதும் வெளிநோயாளர் பிரிவிலும் மருந்துக் கடையிலும் இரயிலிலும் இழந்த கூலியிலும் ஏற்பட்டது. ஆனால் அரசின் பெரிய நிதியுதவித் திட்டம் படுக்கையை மையமாகக் கொண்டது. 2018-ஆம் ஆண்டு செப்டம்பரில் தொடங்கிய பிரதமரின் மக்கள் ஆரோக்கியத் திட்டம், தகுதியுள்ள குடும்பத்திற்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கு வழங்குகிறது. சேர்வதற்கு முன் 3 நாள், வெளியேறிய பின் 15 நாள் வரையிலான செலவும் இதில் அடங்கும். 2024-ஆம் ஆண்டு அக்டோபரில் 70 வதும் அதற்கு மேலும் வயதுள்ள அனைவருக்கும் வருமான வரம்பின்றி இது விரிவாக்கப்பட்டது. பெரும் அறுவையாலும் திடீர் நோயாலும் குடும்பங்கள் கடனில் மூழ்காமல் இத்திட்டம் காத்துவருகிறது. எனினும் பதினைந்து ஆண்டு வெளிநோயாளராகவே வாழும் ஒருவருக்கு இதன் பயன் குறைவே. கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்தபின் சிகிச்சைக்குப் பணம் கிடைக்கும். விழாமல் காக்கும் மாத்திரைக்கும் பயிற்சிக்கும் கிடைப்பதில்லை.

அரசு ஊழியருக்கும் ஓய்வூதியருக்கும் 1954-இல் தொடங்கிய மத்திய அரசு சுகாதாரத் திட்டமும், ஆலைத் தொழிலாளருக்கு 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிவந்த ஊழியர் அரசுக் காப்பீட்டுத் திட்டமும் வெளிநோயாளர் சிகிச்சையையும் மருந்தையும் தருகின்றன. இவ்வசதி மிகுதியும் தேவைப்படும் நெசவாளிக்கும் விவசாயக் கூலிக்கும் இத்தகைய ஏற்பாடு இல்லை. அவர்கள் அரசு மருத்துவமனையின் இலவச மருந்து இருப்பையே நம்பியிருக்க வேண்டியுள்ளது.

பராமரிப்புச் சுமையும் கணக்கில் சேர வேண்டும். நோய் முற்றியவரை எழுப்பவும் குளிப்பாட்டவும் உணவூட்டவும் வீட்டில் ஒருவர் வேண்டும். பெரும்பாலும் மனைவியோ மருமகளோ மகளோ இப்பொறுப்பை ஏற்கிறார். அவருடைய இழந்த கூலி எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

மாவட்டக் கணக்கு

இத்தனை நோயாளிகளை எவ்வாறு கவனிப்பது என்ற மலைப்பு நிருவாகிகளுக்கு ஏற்படுவது இயல்பு. ஆனால் எளிய கணக்கு ஒன்று இம்மலைப்பைக் குறைக்கும். 5.8 லட்சம் நோயாளிகளும் ஆண்டுக்கு நான்கு முறை டாக்டரைக் காண்பதாகக் கொண்டால் மொத்தம் 23.2 லட்சம் சந்திப்புகள். நாட்டின் மாவட்டங்கள் 750-க்கும் மேற்பட்டவை. 750 என்றே கொண்டு பங்கிட்டால் சராசரியாக ஒரு மாவட்டத்திற்கு சுமார் 770 நோயாளிகள். ஆண்டுக்கு சுமார் 3,100 சந்திப்புகள். வாரத்திற்கு சுமார் 60.

வாரத்திற்கு 60 பேர் என்பது மாவட்ட மருத்துவமனை ஒன்றில் வாரம் ஒரு நாள் நடக்கும் வெளிநோயாளர் பிரிவின் அளவே. பிற இயக்கக் கோளாறுகளையும் வலிப்பு நோயையும் பக்கவாதத்திற்குப் பிந்தைய கவனிப்பையும் சேர்த்தால் வாரத்தில் இரண்டு மூன்று நாட்கள் தேவைப்படலாம். மாவட்டங்களின் பரப்பும் மக்கள்தொகையும் வேறுபடும் என்பதும் உண்மை. எனினும் பிரச்சினையின் அளவு அரசின் கைக்கு அப்பாற்பட்டதன்று என்பதை இக்கணக்கு உணர்த்துகிறது. ஒவ்வொரு மாவட்டத்திலும் நரம்பியல் நிபுணரை நியமிப்பது உடனடியாக இயலாது. நோய் நிர்ணயத்திற்கும் சிக்கலான நிலைக்கும் மட்டும் நிபுணரையும், வழக்கமான தொடர் கவனிப்புக்குப் பயிற்சி பெற்ற பொது மருத்துவரையும் பயன்படுத்துவதே நடைமுறைக்கு ஏற்றது.

பிற நாடுகளின் அனுபவமும் இதனையே காட்டுகிறது. பிரிட்டனில் 1989-இல் இருந்து நடுக்குவாதத்திற்கெனப் பயிற்சி பெற்ற செவிலியர் நியமிக்கப்பட்டு, மருந்தின் அளவு பற்றிய ஆலோசனையை வீட்டிற்கே கொண்டு சென்றனர். நெதர்லாந்தின் நைமேகன் நகரில் 2004-இல் தொடங்கிய இணையம், இயன்முறை மருத்துவர்களுக்கும் பேச்சுப் பயிற்சியாளர்களுக்கும் இந்நோயில் தனிப் பயிற்சி அளித்து, நோயாளியை அவர்களிடம் அனுப்பும் முறையை நாடு முழுவதும் பரப்பிற்று. இம்முறையில் கவனிக்கப்பட்டோரிடையே இடுப்பெலும்பு முறிவு குறைவாக இருந்ததாக ஆய்வுகள் தெரிவித்தன.

செய்யத்தக்கவை

இந்தியாவில் இதற்கான அடித்தளங்கள் பல ஏற்கெனவே உள்ளன. அவற்றை ஒன்றோடொன்று இணைப்பதே முக்கியப் பணி.

முதலாவதாக, பயிற்சி. கர்நாடக அரசு பெங்களூரின் தேசிய நிறுவனத்துடன் சேர்ந்து 2022-இல் தொடங்கிய மூளைநலத் திட்டம், ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர்களுக்குப் பயிற்சி அளித்து, மாவட்ட மருத்துவமனைகளில் மூளைநலப் பிரிவுகளைத் திறக்க வழி செய்தது. பிற மாநிலங்களும் தத்தம் மருத்துவக் கல்லூரிகளைக் கொண்டு இதனைப் பின்பற்றலாம். நடுக்கம் என்று வரும் ஒவ்வொருவரிடமும் உட்கொள்ளும் மருந்துகளைக் கேட்டறிதல், இளவயதினர் எனில் வில்சன் நோயை நினைத்தல் ஆகிய இரண்டையும் பயிற்சியின் முதல் பாடமாக வைத்தால் குணமாகக்கூடிய நோயாளி எவரும் தவறிப்போகார்.

இரண்டாவதாக, தொலைமருத்துவம். 2019-ஆம் ஆண்டு நவம்பரில் தொடங்கிய இ-சஞ்சீவனி அமைப்பின் வழியே கீழ்நிலை நிலையத்திலுள்ள டாக்டர் மேல்நிலை நிபுணரின் ஆலோசனையைப் பெற முடிகிறது. கண்ணால் பார்த்து முடிவு செய்யும் இத்துறைக்குக் காட்சிவழி ஆலோசனை பெரிதும் பொருந்தும். விறைப்பைக் கையால் தொட்டே அறிய வேண்டியிருப்பதால் முதல் பரிசோதனை நேரில் நடப்பது நல்லது. அதன்பின் வரும் சந்திப்புகளில் பெரும்பாலானவற்றை மாவட்டத்திலிருந்தே நடத்தலாம்.

மூன்றாவதாக, மருந்து இருப்பு. மாவட்ட மருத்துவமனை தன் நோயாளிகளின் பெயர்ப் பதிவேட்டை வைத்து, அதன்படி லெவோடோபா கூட்டு மருந்தை மூன்று மாதத் தேவைக்குக் குறையாமல் இருப்பு வைக்க வேண்டும். நீரிழிவு நோயாளிக்குப் போலவே இவர்களுக்கும் ஒரே முறையில் ஒரு மாத அல்லது இரு மாத மருந்தை வழங்கலாம். டிரைஹெக்சிபெனிடில் மாத்திரை மலிவானது என்பதற்காக முதியோருக்கு அதனை மட்டும் கொடுப்பது தவிர்க்கப்பட வேண்டும். அது அவர்களிடம் மனக்குழப்பத்தையும் மறதியையும் உண்டாக்கக்கூடும்.

நான்காவதாக, உடற்பயிற்சி. 2010-11-இல் தொடங்கிய தேசிய முதியோர் சுகாதாரப் பராமரிப்புத் திட்டம், மாவட்ட மருத்துவமனையில் முதியோர் பிரிவையும் இயன்முறை மருத்துவ வசதியையும் ஏற்படுத்த வகை செய்கிறது. நடை, திரும்புதல், படுக்கையிலிருந்து எழுதல், விழுங்குதல் ஆகியவற்றில் நோயாளிக்கும் வீட்டாருக்கும் அங்கேயே பயிற்சி தரலாம்.

ஐந்தாவதாக, சட்டப்படியான உரிமை. 1995-ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகை ஊனங்களையே அங்கீகரித்தது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதனை 21 வகைகளாக விரித்து, நாட்பட்ட நரம்பு நோய்களின் கீழ் நடுக்குவாதத்தையும் பெயர் சொல்லிக் குறித்தது. பல நோயாளிகள் இதனை அறியார். காலையில் மருந்து உண்டபின் நன்றாக நடப்பவர், அதன் பலன் தீர்ந்ததும் எழவே இயலாதவர் ஆகிவிடுகிறார். சான்றிதழ் வழங்கும் குழுவினர் இந்த ஏற்ற இறக்கத்தை அறிந்து மதிப்பிடுதல் வேண்டும்.

இறுதியாக, நிதி. வெளிநோயாளர் செலவு அனைத்தையும் உடனே காப்பீட்டின்கீழ் கொண்டுவருவது பெருஞ்சுமையாகலாம். ஆனால் வாழ்நாள் முழுவதும் மருந்து வேண்டும் சில நோய்களைத் தேர்ந்து, அவற்றின் மருந்துக்கும் ஆண்டுக்கு நான்கு சந்திப்புகளுக்கும் மட்டும் வகை செய்வது இயலக்கூடியதே. தவிர்க்கப்படும் எலும்பு முறிவுகளும் மருத்துவமனைச் சேர்க்கைகளும் இச்செலவில் ஒரு பகுதியை ஈடுசெய்யும்.

முடிவுரை

2022-ஆம் ஆண்டு மே மாதம் உலக சுகாதாரப் பேரவை, வலிப்பு நோய்க்கும் பிற நரம்பு நோய்களுக்குமான 2022-2031 செயல்திட்டத்தை ஏற்றுக்கொண்டது. இந்தியாவின் பெரிய நிலையங்கள் நிபுணர்களை உருவாக்குவதிலும் அரிய அறுவைகளைச் செய்வதிலும் தம் கடமையை ஆற்றி வருகின்றன. அவற்றின் அறிவு மாவட்ட மருத்துவமனையின் வாராந்திரப் பிரிவு வரை இறங்கி வருவதே அடுத்த படி. சிகிச்சை தொடங்கியதும் மீண்டும் தறியில் அமர்ந்த நெசவாளி, அடுத்த மாத மருந்தை முப்பது கிலோமீட்டருக்குள் பெற முடிகிறதா என்பதைக் கொண்டே இத்துறையின் வளர்ச்சி அளவிடப்பட வேண்டும்.